சார்ட்டில் 6/6, செடியில் கொழுந்து தெரியவில்லை

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகர்:

நான் எஸ்டேட்டில் பச்சைத் தேயிலை ஏற்றும் பிக்-அப் ஓட்டுகிறேன். என் மனைவிக்கு 31 வயது, கொழுந்து பறிக்கும் வேலை. போன மழைக்காலத்தில் திடீரென்று இடது கண்ணில் புகை மூடிவிட்டது. கண்ணைத் திருப்பினால் வலி. முதலில் காட்டிய இடத்தில் கண் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக் கண்ணாடிக்கு எழுதிக் கொடுத்தார்கள். பத்து நாள் கழித்துத்தான் கோயம்புத்தூர் போனோம். எம்.ஆர்.ஐ. எடுத்து மல்டிபிள் ஸ்க்லீரோசிஸ் என்றார்கள். மூன்று நாள் ஸ்டீராய்டு டிரிப் போட்டார்கள், இரண்டு மாதத்தில் பார்வை வந்துவிட்டது. இப்போது சார்ட்டில் கடைசி வரி வரை படிக்கிறாள், சீட்டில் 6/6 என்று இருக்கிறது. ஆனால் வேலைக்குப் போனால் கொழுந்து தெரியவில்லை என்கிறாள். மேடு ஏறினால் கண் மங்குகிறது, உட்கார்ந்தால் சரியாகிறது என்கிறாள். பஸ் வந்தால் தன்மேல் வளைந்து வருவதுபோல் இருக்கிறதாம், ரோட்டைக் கடக்க என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். வீட்டில் அம்மாவும் தோட்டத்தில் மேஸ்திரியும் வேலைக்குப் பயந்து சொல்கிறாள் என்கிறார்கள். கேட்கக் கூச்சமாக இருக்கிறது, அவள் நடிக்கிறாளா? பத்து நாள் தாமதம் செய்தது என் தப்பா? பார்வை முழுவதும் போய்விடுமா? ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் மருந்தை, நன்றாக இருக்கும்போது நிறுத்தலாமா? தெரிந்த பெரியவர் ஒருவர் பச்சிலைச் சாறு கண்ணில் பிழியலாம் என்கிறார். எங்களுக்கு ஒரு பெண் குழந்தை. இன்னொன்று பெற்றுக்கொள்ளலாமா?

நரம்புசார் கண் மருத்துவர் பதில்:

தம்பிக்கு வணக்கம்.

கூச்சப்பட்டுக் கேட்ட கேள்விக்கே முதல் பதில். உங்கள் மனைவி நடிக்கவில்லை. அவர் சொல்லும் மூன்று தொல்லைகளும், அதாவது கொழுந்து தெரியாததும், மேடு ஏறினால் மங்குவதும், பஸ் வளைந்து வருவதும், இந்த நோயில் பார்வை நரம்பு அடிபட்டவர்கள் உலகமெங்கும் சொல்பவை. அவர் புத்தகம் படித்துச் சொல்லவில்லை. தனக்கு நடப்பதைச் சொல்கிறார், அது பாடத்தில் இருப்பதோடு அப்படியே பொருந்துகிறது. இந்தப் பகுதியை அம்மாவுக்கும் மேஸ்திரிக்கும் படித்துக் காட்டுங்கள்.

அப்படியானால் சீட்டில் இருக்கும் 6/6 பொய்யா? பொய்யில்லை. ஆனால் அது சொல்வது மிகக் கொஞ்சம். ஆறு மீட்டர் தள்ளி, நல்ல வெளிச்சத்தில், வெள்ளைப் பலகையில் இருக்கும் கறுப்பு எழுத்தை, அசையாமல் உட்கார்ந்து, வேண்டிய நேரம் எடுத்துக்கொண்டு அவரால் படிக்க முடிகிறது. அவ்வளவுதான். வெளிர்நிறத்தை அதைவிடச் சற்றே அடர்ந்த நிறத்திலிருந்து பிரித்துப் பார்க்க முடிகிறதா, நிறங்கள் முழுதாகத் தெரிகின்றனவா, அசையும் பொருள் எங்கே இருக்கிறது என்று தெரிகிறதா, உடம்பு சூடானபோதும் அதே பார்வை இருக்கிறதா என்பதையெல்லாம் அந்தப் பலகை அளப்பதே இல்லை. பார்வை நரம்பு அழற்சியிலிருந்து தேறியவர்களிடம் பெரும்பாலும் குறைந்துபோய் நிற்பது இவைதாம்.

இப்போது அவருடைய வேலையை நினைத்துப் பாருங்கள். கரும்பச்சை முற்றிலைகளுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் இளம்பச்சை, இரண்டு இலையும் ஒரு மொட்டும். பச்சைக்கு மேல் பச்சை. அதையும் வேகவேகமாக, இரண்டு கையாலும் பறிக்க வேண்டும். காலையில் மஞ்சு இறங்கிவிட்டால் இருக்கிற கொஞ்ச வேறுபாடும் கரைந்துபோகும். கண் மருத்துவமனைச் சார்ட் சோதிக்காத ஒன்றை நாள் முழுவதும் கேட்கும் வேலை இது. மேசைமுன் உட்கார்ந்து எழுதும் ஒருவர் இதே பாதிப்போடு ஒரு குறையும் தெரியாமல் காலம் தள்ளலாம். தேயிலைத் தோட்டத்தில் முதல் நாளே தெரிந்துவிடும்.

நோய் எங்கே இருக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு கண்ணிலிருந்தும் ஏறத்தாழ 12 லட்சம் நரம்பிழைகள் ஒரே கட்டாக மூளைக்குப் போகின்றன. அதுதான் பார்வை நரம்பு. அந்த இழைகளின்மேல் மயலின் என்ற கொழுப்பு உறை இருக்கிறது. மல்டிபிள் ஸ்க்லீரோசிஸில், கிருமியை எதிர்க்க வேண்டிய நம் எதிர்ப்புச் சக்தியே இந்த உறையைத் தாக்குகிறது. மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகிய மூன்றிலும் இது நடக்கலாம். ஐந்தில் ஒருவருக்காவது முதல் அறிகுறியே கண்ணில்தான் வருகிறது. இளவயதுப் பெண்களுக்கு அதிகம். கண்ணை அசைத்தால் வலி, சில நாளில் மங்கல், சிவப்பு வெளுத்துத் தெரிவது, இதுதான் வழக்கமான வரவு. மூன்றில் இரண்டு பேருக்கு அழற்சி கண்விழிக்குப் பின்னால் இருப்பதால், உள்ளே விளக்கடித்துப் பார்த்தாலும் தொடக்கத்தில் ஒன்றும் தெரியாது. முதலில் காட்டிய இடத்தில் கண் நன்றாக இருக்கிறது என்று சொன்னதன் காரணம் அதுதான். கண் நன்றாகத்தான் இருந்தது. பழுது அதற்குப் பின்னால்.

அழற்சி தணிந்ததும் உறை ஓரளவு திரும்ப வளரும், ஆனால் பழைய தடிப்புக்கு வராது. சில இழைகள் அழிந்தும் போயிருக்கும். மண் சரிந்த இடத்தில் தற்காலிகமாக வழி போட்ட மலைச்சாலையில் உங்கள் வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். லோடு ஃபேக்டரிக்குப் போய்ச் சேர்கிறது, ஆனால் தாமதமாக. இடது கண்ணின் செய்தியும் மூளைக்கு அப்படித்தான் போய்ச் சேர்கிறது. வி.இ.பி. என்று ஒரு சோதனை உண்டு. கட்டம் போட்ட திரையைப் பார்க்கவைத்து, செய்தி மூளையின் பின்பகுதியை எட்ட எவ்வளவு நேரமாகிறது என்று தலையில் ஒட்டிய கம்பிகள் வழியே அளப்பார்கள். பார்வை 6/6-க்குத் திரும்பிய பிறகும் அந்தத் தாமதம் வருடக்கணக்கில் அப்படியே இருப்பது வழக்கம். அவர் சொல்வதற்குச் சான்று வேண்டும் என்று யாராவது கேட்டால், இது ஒரு சான்று.

இன்னொன்று ஓ.சி.டி. கண்ணுக்குள் பின்பக்கத்திலுள்ள நரம்பிழைப் படலத்தின் தடிப்பை ஒளியாலேயே அளக்கும் ஸ்கேன். ஊசி கிடையாது, சில நிமிட வேலை. அழற்சி வந்து மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் அந்தப் படலம் எவ்வளவு மெலிந்தது என்பது தெரியும். இதுவரை எடுக்கவில்லை என்றால் எடுத்துவிடுங்கள். வருடா வருடம் ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.

இனி மேடு ஏறினால் மங்குவது. வில்ஹெல்ம் உஹ்தாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 1890-ல் இதை எழுதிவைத்தார், அவர் பெயராலேயே இன்றும் அழைக்கிறோம். உறை குறைந்த நரம்பிழை குளிர்ச்சியில் தட்டுத்தடுமாறியாவது செய்தியைக் கடத்தும். உடலின் உட்சூடு அரை டிகிரி ஏறினாலே சில இழைகளில் செய்தி நின்றுவிடும். சூடு இறங்கினால் மறுபடி ஓடும். கோத்தகிரிக் குளிரில் இது எப்படி என்று நீங்கள் நினைக்கலாம். வெளியே குளிர்தான். ஆனால் ஸ்வெட்டர் போட்டு, மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கட்டி, முதுகில் இலை மூட்டையோடு செங்குத்தாக ஏறுகிறவரின் உடம்புக்குள்ளே குளிர் இல்லை. அடுப்பங்கரையில் நிற்கும்போதும், கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் குளித்துவிட்டு வரும்போதும், காய்ச்சல் வந்தாலும் இதேபோல் மங்கும். சித்திரை வெயிலில் மேட்டுப்பாளையம் இறங்கினாலும் மங்கலாம்.

இதில் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று: இந்த மங்கல் நரம்பைப் புதிதாகக் கெடுப்பதில்லை. ஒவ்வொரு முறை மங்கும்போதும் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது என்று பயந்து அவர் நடப்பதையே விட்டுவிடக் கூடாது. நடை வேண்டும், வேலையும் வேண்டும். சூட்டை மட்டும் சமாளித்துக்கொள்ள வேண்டும். மேடு ஏறுவதற்கு முன்பே ஸ்வெட்டரைக் கழற்றிவிடட்டும், மேலே போனபின் போட்டுக்கொள்ளட்டும். ஏறும் முன் குளிர்ந்த தண்ணீர் குடிக்கட்டும். ஈரத் துண்டு ஒன்று பிடரியில் இருக்கட்டும். மலைக்குளிருக்கு வெந்நீர் இல்லாமல் முடியாது என்பது எனக்குத் தெரியும். வெதுவெதுப்போடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். மங்கினால் நிழலில் உட்கார வேண்டும், தெளியும் வரை சரிவில் இறங்கக் கூடாது. காட்டெருமையும் கரடியும் தோட்டத்துக்குள் வந்து நிற்கிற ஊர் உங்களுடையது. மஞ்சில், மங்கிய கண்ணோடு அவர் தனியாக ஓரத்துப் பத்தியில் நிற்கக் கூடாது. இதை மேஸ்திரியிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். இது சலுகை கேட்பதில்லை, உயிர்ப் பாதுகாப்பு.

பஸ் வளைந்து வருவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வீட்டிலுள்ளவர்கள் நம்பவே முடியாத தொல்லை இதுதான். பயப்படுகிறாள் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள்.

நீங்களே செய்து பாருங்கள். ஒரு நீண்ட நூலில் சாவியைக் கட்டி, உங்கள் பெண்ணைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, உங்களுக்கு இடமும் வலமுமாக நேராக ஆட்டச் சொல்லுங்கள். நீங்கள் நாலைந்து எட்டு தள்ளி நில்லுங்கள். கறுப்புக் கூலிங் கிளாஸின் ஒரு பக்கத்தை மட்டும் ஒரு கண்முன் பிடித்துக்கொண்டு, இரண்டு கண்ணையும் திறந்து பாருங்கள். நேர்க்கோட்டில் ஆடும் சாவி நீள்வட்டமாகச் சுற்றும். ஒரு பக்கம் போகையில் உங்களை நெருங்கி வரும், திரும்புகையில் விலகிப் போகும். கூலிங் கிளாஸை எடுத்தால் மறுபடி நேராக ஆடும்.

இருட்டான கண்ணாடிக்குப் பின்னாலுள்ள கண்ணின் செய்தி நொடியின் மிகச் சிறு பகுதி தாமதமாக மூளைக்குப் போகிறது. இரண்டு கண்ணும் சொல்வது ஒரே கணத்துக்கு உரியதல்ல என்று மூளைக்குத் தெரியாது. அந்த வித்தியாசத்தை அது ஆழமாக, தூரமாகக் கணக்குப் போட்டுக்கொள்கிறது. இதை 1922-ல் விளக்கி எழுதியவர் கார்ல் புல்ஃப்ரிக் என்ற ஜெர்மன் இயற்பியலாளர். அவருக்கு ஒரு கண்ணில் பார்வை இல்லை, தான் விளக்கியதைத் தன் கண்ணால் பார்க்க முடியாதவர். உங்கள் மனைவிக்குக் கறுப்புக் கண்ணாடி எதுவும் தேவையில்லை. இடது நரம்பின் தாமதமே அதைச் செய்கிறது. குறுக்கே போகிற ஆட்டோ, வளைவில் திரும்புகிற பஸ், எறிகிற பந்து எல்லாம் தன் பாதையை விட்டு வளைந்துதான் அவருக்குத் தெரியும். உங்கள் கையைப் பிடித்துக்கொள்வது சரியான முடிவு.

இதற்கு ஒரு எளிய உதவி இருக்கிறது. நல்ல கண்ணின் பக்கம் மட்டும் லேசாக நிறமேற்றிய கண்ணாடி போட்டால், அந்தக் கண்ணின் செய்தியும் சற்றுத் தாமதமாகி இரண்டும் ஒத்துப்போகும். எவ்வளவு அடர்த்தி என்பது ஆளுக்கு ஆள் மாறும். மாதிரிக் கண்ணாடிகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். எல்லாருக்கும் ஒத்துவராது. மஞ்சுக்காலத்தில் இன்னும் இருட்டாக இருக்கிறது என்று சிலர் கழற்றிவிடுவார்கள். இருந்தாலும் செலவு குறைவு, முயன்று பார்க்கலாம். அதுவரை, ரோட்டைக் கடக்கும்போது ஓடுகிற வண்டியைக் கணித்துக் கடக்க வேண்டாம், வண்டி நின்ற பிறகு அல்லது ரோடு காலியான பிறகு கடக்கட்டும். அவசரத்துக்கு இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டால் வளைவு போய்விடும். ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து வருவது தெரியாது என்பதை அவர் நினைவில் வைக்க வேண்டும்.

பத்து நாள் தாமதத்தைப் பற்றி நீங்கள் எழுதிய வரியை இரண்டு முறை படித்தேன். அந்தப் பாரத்தை இறக்கி வைத்துவிடுங்கள். அமெரிக்காவில் 1988-ல் தொடங்கி, 1992-ல் முதல் முடிவு வெளியான ஒரு பெரிய ஆய்வு இருக்கிறது. பார்வை நரம்பு அழற்சி வந்த 457 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஸ்டீராய்டை ரத்தக்குழாய் வழியாக டிரிப்பாகவும், ஒரு குழுவுக்கு வழக்கமான அளவில் மாத்திரையாகவும், ஒரு குழுவுக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரையையும் கொடுத்தார்கள். டிரிப் போட்டவர்களுக்குப் பார்வை சீக்கிரம் திரும்பியது. ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது மூன்று குழுவின் பார்வையும் ஏறக்குறைய ஒன்றுதான். எம்.எஸ். (மல்டிபிள் ஸ்க்லீரோசிஸ்) வகை அழற்சியில் ஸ்டீராய்டு தேறுவதை விரைவுபடுத்துகிறது, எவ்வளவு தேறும் என்பதை அது பெரிதாக மாற்றுவதில்லை. இன்று அவருக்கு இருக்கும் குறை உங்கள் பத்து நாளால் வந்ததல்ல.

அதே ஆய்வில் எச்சரிக்கை ஒன்றும் கிடைத்தது. வழக்கமான அளவில் ஸ்டீராய்டு மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கு அழற்சி திரும்ப வருவது அதிகமாக இருந்தது. ஆகவே கண் மங்கினால் பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது கூடவே கூடாது.

பார்வை முழுவதும் போய்விடுமா என்றால், எம்.எஸ்.ஸால் இரண்டு கண்ணும் முழுக்கப் போவது அரிது. நான் சொன்ன ஆய்விலேயே, ஒரு வருட முடிவில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பாதித்த கண்ணில் 6/12 அல்லது அதைவிட நல்ல பார்வை இருந்தது. 15 வருடம் தொடர்ந்து பார்த்தபோதும் பெரும்பாலானவர்களுக்கு நல்ல பார்வையே நிலைத்திருந்தது. ஆனால் ஒவ்வொரு தாக்குதலும் கொஞ்சம் இழைகளை எடுத்துக்கொண்டுதான் போகிறது. இரண்டாவது, மூன்றாவது முறை வந்தால் திரும்பி வருவதற்கு மிச்சமிருப்பது குறைந்துகொண்டே போகும். அடுத்த தாக்குதல் கண்ணில்தான் வர வேண்டும் என்றும் இல்லை, காலிலோ கையிலோ சமநிலையிலோ வரலாம்.

அதனால்தான், நன்றாக இருக்கும்போது மருந்தை நிறுத்தலாமா என்ற கேள்விக்கு என் பதில் அழுத்தமாக வேண்டாம் என்பது. மூன்று நாள் போட்ட ஸ்டீராய்டு வந்த தீயை அணைத்தது, அதோடு அதன் வேலை முடிந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடுவது, நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் ரிடக்ஸிமாபாக இருக்கலாம், அடுத்தது வராமல் தடுப்பதற்கு. அவர் நன்றாக இருப்பது மருந்து வேலை செய்வதன் அடையாளம். இந்த நோய் வெளியே ஒன்றும் காட்டாமல் உள்ளே புதுத் தழும்புகளை உண்டாக்கும். எம்.ஆர்.ஐ.யில் தெரியும் புதுத் தழும்புகள், நாம் உணரும் தாக்குதல்களைவிடப் பல மடங்கு அதிகம். செலவு முடியவில்லை என்றால் அதை மறைக்காமல் நரம்பியல் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒரே நோய்க்குப் பல விலையில் மருந்துகள் இருக்கின்றன, மாற்ற முடியும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எது அதில் வரும் என்று மருத்துவமனைக் காப்பீட்டுக் கவுண்டரில் எழுத்தில் கேளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நரம்பியல் பிரிவில் பதிந்துகொள்வதும் ஒரு வழி. சொல்லாமல் தவணையைத் தவறவிடுவதுதான் நான் பார்ப்பவற்றில் மிக அதிகமாக வருத்தப்பட வைப்பது.

இந்த மருந்துகள் எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பவை. தொடங்கும் முன் காசநோய்க்கும் மஞ்சள்காமாலை பி வகைக்கும் சோதனை செய்திருப்பார்கள், செய்தார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், விடாத காய்ச்சல் என்றால் கஷாயம் வைத்துப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம்.

நரம்பியல் மருத்துவரிடம் நீங்கள் கட்டாயம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி: அக்வாபோரின்-4, மாக் (MOG) எதிர்ப்பொருள் ரத்தச் சோதனைகள் செய்தாகிவிட்டதா? எம்.எஸ். போலவே தோன்றி, பார்வை நரம்பைத் தாக்கும் வேறு இரண்டு நோய்களைக் கண்டுபிடிப்பவை இந்தச் சோதனைகள். அந்த நோய்களில் நியூரோமயலைட்டிஸ் ஆப்டிகா என்பது பார்வையை மிகக் கடுமையாகக் கெடுக்கும், அதற்குச் சிகிச்சையை உடனே தொடங்க வேண்டும், எம்.எஸ்.ஸுக்குக் கொடுக்கும் சில மருந்துகள் அதை மோசமாக்கும். உங்கள் மனைவியின் பார்வை நன்றாகத் திரும்பியதும் ஒரு கண்ணோடு நின்றதும் எம்.எஸ். பக்கம்தான் காட்டுகின்றன. இருந்தாலும் ஃபைலில் அந்தச் சோதனை முடிவு இருப்பது நல்லது.

பச்சிலைச் சாறு வேண்டாம். எண்ணெய், தாய்ப்பால், தேன் எதுவும் கண்ணுக்குள் வேண்டாம். பழுது விழிக்குப் பின்னாலுள்ள நரம்பில். கண்ணில் பிழிவது அங்கே போகாது. கருவிழியில் புண் வந்தால் நல்ல கண்ணும் கெடும், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தில் இருப்பவருக்கு அந்தப் புண் ஆறுவதும் கடினம். அந்தப் பெரியவரிடம் மரியாதையாகவே மறுத்துவிடுங்கள்.

இன்னொரு குழந்தை பெற்றுக்கொள்ளலாம். எம்.எஸ். அதற்குத் தடையில்லை. கர்ப்ப காலத்தின் கடைசி மூன்று மாதத்தில் தாக்குதல்கள் குறைவதும், பிரசவத்துக்குப் பின் முதல் மூன்று மாதத்தில் கூடுவதும் தெரிந்த விஷயம். சில மருந்துகள் கருவுக்கு ஆகாது. ஆகவே முடிவு செய்த பிறகு, கருத்தரிக்கும் முன்பே நரம்பியல் மருத்துவரையும் மகப்பேறு மருத்துவரையும் பாருங்கள். பிள்ளைக்கு வருமா என்ற பயத்துக்கு: எம்.எஸ். உள்ள தாய்மாரின் குழந்தைகளில் மிகப் பெரும்பாலானவர்களுக்கு இது வருவதில்லை.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். நேரம் வெளுத்து மஞ்சு விலகிய பிறகு அவர் பறிக்கத் தொடங்கினால் எடையில் எவ்வளவு வித்தியாசம் வருகிறது என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். மேஸ்திரியிடம் பேச அது உதவும். கீழ்ச்சரிவுப் பத்தியைக் கேளுங்கள். நாற்றங்காலில் பையில் மண் நிரப்பும் வேலை கிடைத்தால் பச்சைக்குள் பச்சையைத் தேட வேண்டியதில்லை, மேடும் ஏற வேண்டியதில்லை. கண் கூசும் வெளிச்சத்தில், முன்பக்கம் நீட்டிய தொப்பி உதவும். மங்கலான நாளில் லேசான மஞ்சள் கண்ணாடி சிலருக்குத் தெளிவாக இருக்கிறது, வாங்கும் முன் யாரிடமாவது இரவல் வாங்கி மஞ்சில் போட்டுப் பார்க்கட்டும். வீட்டு வாசல் படிகளின் விளிம்பில் வெள்ளைப் பெயின்ட் ஒரு கோடு இழுங்கள். சோறு வெள்ளைத் தட்டில் வேண்டாம், அடர்ந்த நிறத் தட்டில் போடுங்கள்.

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் மல்டிபிள் ஸ்க்லீரோசிஸ் தனியாகவே இடம்பெற்றிருக்கிறது. பார்வை 6/6 என்பதால் விண்ணப்பிக்கவே முடியாது என்று யாரும் சொன்னால் அது தவறு. கண்ணை மட்டும் வைத்துப் பார்த்தால் சதவீதம் கிடைக்காமல் போகலாம். ஆனால் எம்.எஸ். என்ற நோயை வைத்து நரம்பியல் மதிப்பீடு கேட்கலாம். பெரும்பாலான உதவிகளுக்கு 40 சதவீதம் வேண்டும். இன்றைய நிலையில் அவருக்கு அவ்வளவு வராமலும் போகலாம், அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு ஊட்டியிலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். மல்டிபிள் ஸ்க்லீரோசிஸ் சொசைட்டி ஆஃப் இந்தியாவுக்குச் சென்னையில் கிளை இருக்கிறது. இதே நோயோடு வாழும் பெண்களோடு அவர் போனில் பேசினால், நான் எழுதும் எதையும்விட அது அவருக்குத் தெம்பு தரும் என்று நம்புகிறேன்.

எது சாதாரண மங்கல், எது புதுத் தாக்குதல் என்று பிரிக்கத் தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். சூட்டால் வருவது, ஆறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும். காய்ச்சலோ சிறுநீர்க் கிருமித் தொற்றோ இருந்தால் அது தீரும் வரை நீடிக்கலாம், தொற்றுக்குச் சிகிச்சை எடுத்தால் பார்வையும் தெளியும். ஆனால் காய்ச்சல் இல்லாமல், உடம்பு குளிர்ந்த பிறகும், 24 மணி நேரத்தைத் தாண்டி மங்கலாகவே இருந்தால் அது புதுத் தாக்குதலாக இருக்கலாம். கண்ணை அசைத்தால் மறுபடி வலி, வலது கண்ணில் மங்கல், ஒன்று இரண்டாகத் தெரிவது, பார்ப்பதெல்லாம் ஆடுவது, கால் மரத்துப்போவது, சிறுநீர் அடைப்பது, இவற்றில் எது வந்தாலும் அன்றே நரம்பியல் மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். ஸ்டீராய்டு டிரிப் போட ஒவ்வொரு முறையும் கோயம்புத்தூர் இறங்க வேண்டும் என்பதில்லை. நரம்பியல் மருத்துவர் எழுதிக் கொடுத்தால் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துக்கொண்டு ஊட்டியிலேயே போட முடியும். அந்த ஏற்பாட்டை இப்போதே கேட்டு எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் ரோட்டில் மண் சரிந்தால் அது கைகொடுக்கும்.

வீட்டில் வாரம் ஒருமுறை ஒரு சிவப்புத் துணியை ஒவ்வொரு கண்ணாலும் தனித்தனியே பார்க்கச் சொல்லுங்கள். இடது கண்ணில் ஏற்கெனவே கொஞ்சம் வெளுத்துத்தான் தெரியும். அந்த வெளுப்பு கூடியிருக்கிறதா, வலது கண்ணிலும் வெளுக்கத் தொடங்கியிருக்கிறதா என்பதே கேள்வி. மற்ற நாளில் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டாம், அது கவலையைத்தான் வளர்க்கும்.

அடுத்த முறை கோயம்புத்தூர் வரும்போது எம்.ஆர்.ஐ. படங்களை, ரிப்போர்ட்டை மட்டுமல்ல, சி.டி.யோடு கொண்டு வாருங்கள். கண் மருத்துவரிடம் வழக்கமான சார்ட்டோடு மங்கலான எழுத்துச் சார்ட், நிறச் சோதனை, பார்வைப் பரப்புச் சோதனை மூன்றையும் கேளுங்கள். பஸ்ஸிலிருந்து இறங்கிய வெக்கையோடு உட்காரவைத்தால் அளவு குறைவாக வரும், அரை மணி மின்விசிறியின் கீழ் உட்கார்ந்துவிட்டு உள்ளே போங்கள். கொழுந்து எப்போது தெரிகிறது, எப்போது தெரியவில்லை என்பதை மருத்துவரிடம் அவரே சொல்லட்டும்.